பதினெட்டு மில்லிமீட்டர் மேலுதடு

என் மேலுதட்டின் நீளம் பதினெட்டு மில்லிமீட்டர். மூக்கு முடிகிற இடத்தில் தொடங்கி உதட்டின் கீழ் விளிம்பு வரைக்கும் அளந்தது. இருபத்து நாலு வயது வரைக்கும் எனக்கு இந்த அளவு தெரியாது. என் வாய் மூடாது என்பது மட்டும் தெரியும். அது என்னைவிட ஊருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மூடவே மூடாது என்றில்லை. மேலுதட்டைக் கீழே இழுத்து, கீழுதட்டை மேலே தள்ளி, மோவாயை இறுக்கினால் மூடும். மோவாயில் குழி குழியாக விழும். அப்படியே எத்தனை நேரம் இருப்பது? யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. கஹவத்தை டவுனில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் மூன்று தடவை, "வாய மூடுங்க, வாய மூடுங்க" என்றார். "மூடித்தான் இருக்கேன், நீங்க எடுங்க" என்றேன். அந்தப் படத்தில் யாரோடோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருப்பேன். பொய்யில்லை, நான் சண்டைக்காரிதான். சின்ன வயதிலிருந்து பதிலுக்குப் பதில் சொல்லியே பழகிவிட்டேன். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் கல்யாணம் காட்சி வந்தால், "தேங்கா திருவ ஆள் தேட வேணாம், இவ இருக்கா" என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் விடமாட்டார்கள். "மொதல்ல தேங்காய வாங்கிட்டு வாங்க, அப்பறம் திருவலாம்" என்பேன் நான். எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்கமாட்டேன், சிரித்தால் பல்லோடு ஈறும் சேர்ந்து வெளியே வரும்.

எனக்கு வேலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். தேயிலைக் கொழுந்து எடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகிற தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளை அவர்கள் திரும்பி வரும்வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் குழந்தைகளின் பல்லைச் சோதிக்க ஒரு பல் டொக்டர் வந்தார். எல்லாக் குழந்தைகளையும் பார்த்து முடித்துக் கையுறையைக் கழற்றப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு, நீங்களும் உட்காருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் பக்கத்தில் சிங்களம் எல்லாருக்கும் வரும். எனக்குச் சண்டை போடுகிற அளவுக்கு வரும். "எனக்குப் பல் வலி ஒன்றும் இல்லையே" என்றேன். "வலியைப் பார்க்கவில்லை" என்றார். கொஞ்ச நேரம் பக்கவாட்டில் இருந்தும் நேராக இருந்தும் பார்த்துவிட்டுக் கொழும்பில் ஒரு கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தார். தாடை எலும்பை ஒப்பரேஷன் செய்து சரிப்படுத்துகிற இடம் என்றார். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவும் நானும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெல்மதுளைக்குப் போய், அங்கிருந்து கொழும்பு பஸ்ஸில் ஏறிப் போனோம். கிளினிக்கில் இருந்தவர் பெண் டொக்டர். என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, எதிரே இருந்த கண்ணாடியில் என் கண்ணையே பார்க்கச் சொன்னார். அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்குச் சமமாக உட்கார்ந்தார். கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வைத்திருக்கிற மாதிரி சின்ன பிளாஸ்டிக் அடிமட்டம்.

"உதட்டைச் சும்மா விடுங்கள்" என்றார்.

விட்டேன். விட்டதாகத்தான் நினைத்தேன். அவர் என் மோவாயைத் தொட்டுப் பார்த்து, "இல்லை, பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். திரும்பவும் விட்டேன். திரும்பவும் இல்லை என்றார். உதட்டைச் சும்மா விடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வயதிலிருந்து ஆள் முன்னால் நான் அதை விட்டதில்லை. இறுக்கி இழுத்த உதட்டை அளந்தால் பொய்க்கணக்குத்தான் வரும், எலும்பை எவ்வளவு தூக்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பிறகு, "அம்மா சொல்லுங்கள், சொல்லி முடித்ததும் வாயை அப்படியே விட்டுவிடுங்கள்" என்றார்.

"அம்மா" என்றேன். டொக்டர் இன்னும் ஒரு தடவை என்றார். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல. வெளியே பெஞ்சில் இருந்த என் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு, "என்னாம்மா, என்னா செய்றாங்க ஒன்னைய?" என்று உள்ளே வந்துவிட்டாள். டொக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கியபோது உதடு தானாக ஓர் இடத்தில் போய் நின்றது. "ஆ, இதுதான்" என்று டொக்டர் அடிமட்டத்தை வைத்தார். உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

பதினெட்டு என்று எழுதினார். உதட்டுக்குக் கீழே தெரிகிற பல்லின் நீளம் ஒன்பது மில்லிமீட்டர். சிரித்தால் தெரிகிற ஈறு ஏழு. புருவத்திலிருந்து மூக்கடி வரைக்கும் ஓர் அளவு, மூக்கடியிலிருந்து மோவாய் வரைக்கும் ஓர் அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமாம், எனக்குக் கீழ்ப்பாதி நீண்டிருந்தது. இரண்டு காதிலும் குச்சியை வைத்துத் தலையை அசையவிடாமல் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு பசையை வாய் நிறைய அப்பிப் பல்லுக்கு அச்சு எடுத்தார்கள். வாந்தி வருகிற மாதிரி இருந்தது, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். என் முகத்தை இத்தனை கவனமாக யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சிரிக்கத்தான் பார்த்தார்கள்.

கடைசியில் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து எனக்கு விளங்கப்படுத்தினார். உதடு கொஞ்சம் கட்டைதான், ஆனால் அது பெரிய பிழையில்லை. மேல்தாடை எலும்பு கீழ்நோக்கி அதிகம் வளர்ந்துவிட்டது. முதலில் ஒன்றரை வருஷம் கம்பி கட்டிப் பல்லை வரிசைப்படுத்த வேண்டும். பிறகு மூக்குக்குக் கீழே எலும்பை அறுத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டு, பல்வரிசையோடு சேர்த்து மேலே தூக்கித் தகடு வைத்து முடுக்கிவிடுவார்கள். எல்லாம் வாய்க்கு உள்ளேதான், வெளியே ஒரு தழும்பும் தெரியாது.

"அதற்குப் பிறகு வாய் மூடுமா?" என்று கேட்டேன்.

"தானாகவே மூடும். நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்றார்.

பிறகு என் முன்பல்லை விரலால் தட்டி, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, "நல்ல பல், நங்கி. பல்லில் ஒரு பிழையும் இல்லை. ஒன்றையும் தொடாமல் இப்படியே கொண்டு வாருங்கள்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைச் சும்மா விட்டுக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன பிரயோசனம், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அந்த ஒரு பஸ் பயணத்தில்தான்.

கம்பி கட்டுகிற இடத்தில் வரிசை நீளம், உங்கள் முறை வரும்போது போன் பண்ணுவோம் என்று சொல்லியிருந்தார்கள். நான் போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் கோயில் பக்கத்துப் பாறை ஒன்றுதான், மத்தியானச் சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். ஆறு மாதம் போனது. ஒரு வருஷம் போனது. நான் எடுத்துக் கேட்டால், பெயர் இருக்கிறது, பொறுங்கள் என்பார்கள். ஒன்றரை வருஷம் ஆனபோது கேட்பதையே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பையன், கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவன் அதிகம் பேசவில்லை. என்னைப் பார்த்தான், தேத்தண்ணீர் குடித்தான், பிடித்திருக்கிறது என்று அவன் அக்காவிடம் சொல்லிவிட்டான். அந்த அக்கா போகும்போது என் கையைப் பிடித்து, "எல்லாம் சரி. பல்ல மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க. தையில வச்சுக்குவோம்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரித்தான் சொன்னாள்.

எங்கள் ஆட்களுக்குப் பல்லைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பிடுங்குவது. வலித்தால் பிடுங்குவோம், ஆடினால் பிடுங்குவோம். பல்லை அடைக்கலாம் என்பதே எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். பல் முன்னால் மிதந்திருக்கிற பொம்பிளைப் பிள்ளை என்றால், கல்யாணத்துக்கு முன்னால் முன்பல் நாலையும் எடுத்துவிட்டுப் பொய்ப்பல் செட்டுக் கட்டிவிடுவார்கள். என் சின்னம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். அவளுடைய கல்யாணப் படத்தில் அழகாக வாயை மூடிக்கொண்டு நிற்பாள். ஆனால் அவளுக்கு மிதந்திருந்தது பல். எனக்கு இறங்கியிருந்தது எலும்பு. இந்த வித்தியாசத்தை டொக்டர் எனக்கு எக்ஸ்ரேயில் காட்டி, விரல் வைத்துச் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. விளங்காமல் செய்திருந்தால் ஊரைத் திட்டிக்கொண்டாவது இருப்பேன்.

"எப்பிடியும் கொழும்புல அவங்க ஏதோ செய்யத்தானே போறாங்க. பல்லு இல்லாட்டி அவங்களுக்கும் பாதி வேல கொறஞ்சிரும்" என்றாள் சின்னம்மா. எவ்வளவு மடத்தனமான பேச்சு. ஆனால் அன்றைக்கு அது எனக்கு நியாயமாகப் பட்டது, ஏனென்றால் நியாயமாகப் படவேண்டும் என்று நான் விரும்பினேன். இப்போது பல்லை எடுத்துவிட்டுக் கல்யாணத்தை முடிப்போம், முறை வரும்போது எலும்பை மட்டும் போய்ச் செய்துகொள்வோம் என்று எனக்கு நானே ஒரு திட்டம் போட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "அந்த டாக்டரம்மா தொட வேணாம்னு சொன்னாங்கள்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அவள் மேல் பாய்ந்தேன். சும்மா இருந்துவிட்டாள்.

டவுனில் சந்தைக்குப் பின்னால் செட்டுக் கட்டுகிற ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவோடு போனேன். ஊசி போட்டார். கால்மணி நேரத்தில் நாலு பல்லும் வெளியே வந்துவிட்டன. ஒரு வெள்ளைத் தட்டில் வரிசையாக வைத்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நீளமாக, பால் மாதிரி வெள்ளையாக, ஒரு புள்ளி பூச்சி இல்லாமல் இருந்தன. நல்ல பல், நங்கி என்று அந்த டொக்டர் சொன்னது காதில் கேட்டது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று அந்த நாற்காலியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் பஞ்சு வைத்திருந்ததால் அழவும் வசதியில்லை.

புண் ஆறிய பிறகு செட்டு மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் உதடு அதே இடத்தில்தான் நின்றது. எலும்பு இறங்கினது இறங்கினபடி இருக்க, உதடு எங்கே போகும்? முன்பு சிரித்தால் ஈறு தெரியும், இப்போது செட்டின் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கும் அதோடு சேர்ந்து தெரிந்தது. வாய் இப்போதும் மூடவில்லை. சோறு தின்னும்போது செட்டு கழன்று ஆடியது. பேசும்போது காற்று சீட்டி அடித்தது, பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் இரண்டே நாளில் அதே மாதிரிச் சீட்டி அடித்துப் பேசப் பழகிவிட்டன. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை.

மார்கழியில் அந்தப் பையனுக்குக் கட்டாருக்கு விசா வந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்து செய்துகொள்ளலாம் என்று அவன் அக்கா சொல்லி அனுப்பினாள். என் பல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விசா வந்தது, போய்விட்டான், அவ்வளவுதான். பிறகு அங்கிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

பங்குனியில் பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கொழும்பு கிளினிக். கம்பி கட்ட உங்கள் முறை வந்துவிட்டது, வருகிற செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். பல்லைப் பிடுங்கி அப்போது ஐந்து மாதம்.

அதே டொக்டர்தான் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, "அம்மாவும் வந்தார்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பழைய ஃபைலைத் திறந்தார். திரும்ப ஒரு தடவை அளந்துவிடுவோம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உதட்டை விடச் சொன்னார். இந்தத் தடவை நான் உடனே விட்டேன். அடிமட்டத்தைக் கொண்டுவந்தவர் கை பாதி வழியில் நின்றது.

"எப்போது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும், அதற்குப் பழகினவள் நான். அவர் திட்டவில்லை. செட்டைக் கழற்றித் தரச் சொல்லி ஒரு டிஷ்யூவில் வாங்கி வைத்தார். ஈறை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரேக்கு அனுப்பினார். புதிய எக்ஸ்ரேயையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பிறகு சொன்னார். பல் போன இடத்தில் முன்பக்க எலும்பு கரையத் தொடங்கிவிட்டது, இனியும் கரையும். அந்த நாலு பல்லும் இல்லாமல் கம்பிக்கு முன்னால் பிடிமானம் கிடையாது. தாடையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று அளப்பதே அந்தப் பல்லின் நுனியை வைத்துத்தான். "இப்போது நான் எதிலிருந்து அளப்பது?" என்று என்னிடமே கேட்டார். "மனக்கணக்கில் ஒருவருடைய எலும்பை அறுக்க என்னால் முடியாது, நங்கி."

"எத்தனை வருஷமானாலும் பரவாயில்லை. நான் இருப்பேன்" என்றேன். சீட்டி அடிக்கும் என்று கூச்சப்பட்டுக் கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன்.

எலும்பு ஒட்டி, திருகுப் பல் வைத்து, அதற்குப் பிறகு செய்கிற இடங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, இங்கே எங்களிடம் இல்லை என்றார். ஃபைலில் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்து, அதைத் தாதியிடம் கொடுத்தார். செட்டுக் கட்டுகிற பிரிவுக்கு மாற்றியிருப்பதாகவும், ஆடாமல் நல்ல செட்டாகச் செய்து தருவார்கள் என்றும் சொன்னார். தாதி ஒரு பட்டியலில் என் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். வெளியே அம்மாவிடம், "முடியாதாம்" என்றேன். நான் சும்மா இரு என்று சொன்ன அன்றிலிருந்து அவள் என் வாயைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர்கள் செய்து தந்த செட்டு ஆடுவதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வாய் மூடுவதில்லை.

போன மாதம் கீழ் லயத்திலிருந்து ஓர் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். மகளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். உதட்டை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள், மோவாயில் குழி. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், நீங்க எந்த எடத்துல பல்லு கட்டுனீங்க? இவளுக்கும் கட்டணும். தையில பொண்ணு பாக்க வாறாங்க" என்றாள் அந்த அக்கா.

எனக்கு வந்த கோபத்தில், குழந்தைகள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினேன். ஈறைக் காட்டினேன். பல்லுக்கு ஒன்றும் இல்லை, எலும்புதான் இறங்கியிருக்கிறது, கொழும்பில் அளந்து பார்த்துத் தூக்கிவிடுவார்கள், அந்தப் பல் இருந்தால்தான் அளக்கவே முடியும், ஒன்றையும் தொடாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம் வாங்கித் தருகிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அந்த அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வருஷம், நாலு வருஷம் எடுக்கும்" என்றேன்.

அந்தப் பிள்ளை என் கையில் இருந்த செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் எதைக் கேட்டாளோ தெரியவில்லை. வந்ததிலிருந்து பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பல்லு எடுக்கக்குள்ள வலிச்சுச்சாக்கா?"

"இல்ல" என்றேன். ஊசி போட்டிருந்தார்கள், உண்மையிலேயே வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து வந்த மத்தியான பஸ்ஸில் தாயும் மகளும் இறங்கினார்கள். பிள்ளை கைலேஞ்சித் துணியை மடித்து வாயில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.